விளையாட்டா, வேலையா? ஜக்கி கூகனின் வாழ்க்கை

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். செங்கீரை ஆடுவதும், சப்பாணி கொட்டுவதும், அம்புலியை வாவென்று அழைப்பதும், சிறுபறை முழக்குவதும், சிறுதேர் உருட்டுவதும் என அப்பகுப்பை நோக்கிக்கொண்டே போனால், அதிலே உழைப்புக்கென்று ஓரிடமும் ஒதுக்கப்படவில்லை என்பது புலனாகும். பிள்ளையின் தொழில் விளையாட்டு, அவ்வளவே. ஆனால், சிறுதேர் உருட்டும் அந்த வயதிலேயே உலகத்தாரைச் சிரிக்கவும் அழவும் வைத்து, முப்பது நாற்பது இலட்சம் டொலர் வரையில் ஈட்டிக் கொடுத்த பிள்ளை ஒருவன் அமெரிக்க நாட்டிலே இருந்தான். அவன் வளர்ந்து ஆளாகித் தன் சம்பாத்தியத்தைக் கேட்டு நீதிமன்றப் படி ஏறியபோது, அவன் செய்தது வேலையே அன்று, வெறும் விளையாட்டு என்று பெற்ற தாயே வாதித்தாள். அந்தப் பிள்ளையின் பெயர் ஜக்கி கூகன். சினிமாவில் நடிக்கும் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் எழுந்த சட்டம் ஒன்று இன்றளவும் அவன் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஜோன் லெஸ்லி கூகன் என்பது ஜக்கியின் முழுப் பெயர். 1914ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தான். பெற்றோர் இருவரும் மேடையை நம்பிப் பிழைத்தவர்கள். ஆடலும் பாடலும் கோமாளிக் கூத்தும் கலந்த பல்சுவை நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் குழுக்கள் அக்காலத்து அமெரிக்காவில் மலிந்திருந்தன. அத்தகைய குழுவிலே பிறந்த குழந்தைக்கு மேடைத் திரைதான் தொட்டில் சேலை. 1917இல், மூன்று வயது நிரம்புமுன்னரே, ஜக்கி ஓர் ஊமைப் படத்தில் தலைகாட்டிவிட்டான்.

1919ஆம் ஆண்டில் சார்லி சப்ளின் புகழின் உச்சியிலே இருந்தார். மனத்தளவிலோ பெரிதும் சோர்ந்திருந்தார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அவருக்குப் பிறந்த முதற் குழந்தை மூன்றாம் நாளே இறந்துவிட்டது. அத்துயரம் ஆறுமுன்னரே அவர் தம் அடுத்த படத்துக்குச் சிறுவன் ஒருவனைத் தேடலானார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓர்பியம் அரங்கிலே தந்தையின் நிகழ்ச்சி முடியும் தறுவாயில் மேடைக்கு வந்து குலுக்கு நடனம் ஆடிச் சென்ற நான்கு வயதுப் பாலகன் ஒருவன் அவர் நினைவிலே நின்றான். இதற்கிடையில் றொஸ்கோ ஆர்பக்கிள் என்ற இன்னொரு நகைச்சுவை நடிகர் கூகனை ஒப்பந்தஞ் செய்துகொண்டார் என்ற செய்தி வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று சப்ளின் தலையிற் கைவைத்துக்கொண்டார். பின்னர் விசாரித்த இடத்தில், ஆர்பக்கிள் ஒப்பந்தஞ் செய்தது தகப்பனை. மகனை அன்று என்பது தெரியவந்தது. மகனைத் தருவதில் தகப்பனுக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை.

இவ்வாறு உருவானதுதான் ‘தி கிட்’ என்ற படம். 1921ஆம் ஆண்டிலே வெளிவந்தது. தெருவிலே கிடந்த குழந்தையை ஒரு நாடோடி எடுத்து வளர்க்கிறான். குழந்தை ஐந்து வயதுச் சிறுவனானதும் இருவரும் கூட்டாக ஒரு தொழில் நடத்துகின்றனர்: சிறுவன் முன்னே சென்று வீடுகளின் கண்ணாடி யன்னல்களைக் கல்லெறிந்து உடைப்பான், சற்று நேரத்தில் நாடோடி கண்ணாடித் தகடுகளை முதுகிலே சுமந்துகொண்டு பழுது பார்க்க வருவான். வறுமையும் நகைப்பும் இவ்வளவு நெருங்கிப் பிணைந்த கதை அதற்கு முன் திரையில் வந்ததில்லை எனலாம். தம் இளமையிலே இலண்டன் லம்பெத் ஏழையர் விடுதியில் அடைபட்டுக் கிடந்தவரும், பத்து வயது ஆகுமுன்னரே ஒரு நடனக் குழுவிற் சேர்ந்து மேடையில் ஆடியவருமான சப்ளின், தம் கதையின் ஒரு கூற்றையே அச்சிறுவனுக்கு ஒப்படைத்தார்.

படப்பிடிப்பு ஒன்பது மாதங்கள் நீடித்தது. சப்ளின் திருப்தி என்பதை எளிதில் அறியாதவர். ஒரு காட்சியை அவர் மனம் நிறையும்வரை திரும்பத் திரும்ப எடுப்பார். எடுத்ததைக் கழித்துவிட்டு மீண்டும் தொடங்குவார். வளர்ந்த நடிகர்களே அவரிடம் களைத்துப்போவதுண்டு. ஜக்கியோ காட்டியதைக் காட்டியபடியே செய்யும் வல்லமை வாய்ந்தவன். தோளசைவு, கண்ணசைவு, கை நீட்டும் விதம் யாவற்றையும் ஒருமுறை பார்த்தாற் போதும். கண்ணாடியிற் கண்டதுபோலத் திருப்பிக் காட்டுவான்.

ஆயினும், அழுகையைக் காட்டிக் கொடுக்க முடியவில்லை. அனாதை விடுதி அதிகாரிகள் சிறுவனைப் பிடித்து வண்டியில் ஏற்றும்போது அவன் நாடோடியை நோக்கிக் கைகளை நீட்டிக் கதறவேண்டும். அன்றைக்குச் சிறுவன் நல்ல குதூகலத்தில் இருந்தான், கண்ணீர் வரவில்லை. சப்ளின் செய்வதறியாது நின்றபோது, அருகிலிருந்த தகப்பன் தாம் அழவைப்பதாகச் சொல்லி முன்வந்தார். சப்ளின் அப்பாற் சென்ற சிறிது நேரத்தில் பிள்ளை வீரிட்டு அழும் குரல் கேட்டது. படம் பிடித்தாயிற்று. இன்றும் அக்காட்சியைக் காண்போர் கண் கலங்காமல் இருப்பதில்லை. எப்படி அழவைத்தார் என்று விசாரித்தபோது, அழாவிட்டால் உன்னை உண்மையாகவே அனாதை விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டியதாகத் தகப்பன் கூறினாராம். சப்ளின் பிள்ளையை வாரி எடுத்துத் தேற்ற, அப்பா வேடிக்கைக்குத்தான் சொன்னார் என்பது தனக்குத் தெரியும் என்று அது அவர் காதிலே மெல்லச் சொல்லிற்றாம். இந்தச் சம்பவத்தைச் சப்ளின் தம் சுயசரிதையிலே ஒரு வேடிக்கையாகவே எழுதிவைத்திருக்கிறார். நமக்கு அது அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றவில்லை. வேடிக்கை என்று தெரிந்த பிள்ளை அப்படிக் கதறுவானேன்?

படம் வெளிவந்ததும் ஜக்கியின் புகழ் கடல் கடந்தது. தொளதொளத்த காற்சட்டை, ஒருபுறம் சாய்ந்த தொப்பி, கழுத்தளவு வெட்டிய கேசம், பெரிய கண்கள்: இந்த உருவத்தை அறியாத நாடு அருகிற்று. 1922இல் ‘ஒலிவர் டுவிஸ்ட்’ கதையில் ஒலிவராக நடித்தான். அடுத்தடுத்த ஆண்டுகளில் சர்க்கஸ் பையனாகவும், குட்டி இளவரசனாகவும், கந்தல் பொறுக்கும் வியாபாரியின் கூட்டாளியாகவும் படத்துக்குப் படம் தோன்றினான். தாய்தந்தையரை இழந்தவனாகவோ, வீதியில் விடப்பட்டவனாகவோதான் பெரும்பாலும் வருவான். அவன் பெயரிலும் உருவத்திலும் பொம்மைகளும், ஊதுகுழல்களும், எழுதுதாள்களும், நிலக்கடலை வெண்ணெயுங்கூடக் கடைகளில் விற்பனையாயின. மெற்றோ கம்பனி அவனைத் தன்பால் இழுத்துக்கொள்ளப் பேசிய தொகை இலட்சக் கணக்கானது. அக்காலத்தில் அவனுடைய கைச்செலவுக்கு வாரம் ஒன்றுக்கு ஆறேகால் டொலர் கொடுக்கப்பட்டது என்பர்.

1924ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. முதலாம் உலகப் போரின் அழிவாலும் படுகொலைகளாலும் அனாதைகளான ஆர்மீனிய, கிரேக்கக் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் அண்மைக் கிழக்கு நிவாரண இயக்கம் ஒன்று நடந்துவந்தது. அதன் பொருட்டுப் பத்து வயது நிரம்பாத ஜக்கி அமெரிக்கா எங்கும் சுற்றி, பின்னர் ஐரோப்பாவுக்கும் பயணமானான். உணவும் உடையும் பணமுமாகப் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பெறுமதி சேர்ந்தது. உரோமாபுரியிலே பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவனுக்குத் தரிசனம் அளித்தார். கிரேக்க நாடும் அவனைக் கௌரவித்தது. திரையிலே அனாதையாக நடித்த பிள்ளை மெய்யான அனாதைகளுக்குச் சோறு தேடிக் கொடுத்தது மெச்சத்தக்க செயலே. அந்த நெடும் பயணத்திலே அப்பிள்ளைக்கு உறக்கம் எத்தனை மணி, ஓய்வு எத்தனை மணி என்று கேட்டவர் உண்டா என்பதும் நாம் கேட்கவேண்டிய கேள்வியே.

பத்து வயது வரையில் வீட்டு ஆசிரியரிடமே பாடம் கற்றான். அதன்பின்னரே பாடசாலை. 1927இல் அவனுடைய புகழ்பெற்ற கேசம் வெட்டப்பட்டது. அதையும் ஒரு படத்தின் தலைப்பாக்கிக் காசு பார்த்தனர். கேசம் போயிற்று, காலும் கையும் நீண்டன, குரல் உடைந்தது. குழந்தை நடிகன் வளர்வது என்ற குற்றத்தைச் செய்தால், படவுலகம் அதை மன்னிப்பதில்லை. பேசும் படங்கள் வந்தபின் 1930இல் ‘டொம் சோயர்’ ஆகவும், அடுத்த ஆண்டு ‘ஹக்கிள்பெரி பின்’ கதையிலும் தோன்றினான். பின்னர் கல்லூரிக்குச் சென்றான், படிப்பு ஏறவில்லை, 1932இல் விட்டுவிட்டான்.

1935ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி, மெக்சிக்கோ எல்லைக்கு அப்பால் புறா வேட்டையாடிவிட்டு மோட்டார் வண்டியில் திரும்புகையில், சான் டியேகோவுக்குக் கிழக்கேயுள்ள மலைப் பாதையில் வண்டி உருண்டது. தந்தையும், உயிர்த்தோழனான ஜூனியர் டேர்கின் என்ற இளம் நடிகனும், வேறிருவரும் மாண்டனர். தப்பியவன் ஜக்கி ஒருவனே. அப்போது அவனுக்கு வயது இருபது. தந்தை பணத்தைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார், இருபத்தொரு வயதில் எல்லாம் தன் கைக்கு வரும் என்பது அவன் அதுகாறும் கொண்டிருந்த நம்பிக்கை.

அவ்வாண்டு ஒக்டோபரில் இருபத்தொரு வயது நிறைந்தது. இனி நாமும் அவரை ஒருமையில் அழைப்பது முறையன்று. பணம் வரவில்லை. தாய் லிலியன், குடும்பத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஆர்தர் பேர்ன்ஸ்டைன் என்பவரை மறுமணம் புரிந்துகொண்டார். மாளிகையும் மோட்டார் வண்டிகளும் நகைகளும் அவர்கள் வசம் இருந்தன. 1937இல் ஜக்கி கூகன் நடிகை பெற்றி கிரேபிளை மணந்தார். குடும்பம் நடத்தக் கையிலே காசில்லை. சப்ளினிடம் போய் நின்றபோது அவர் தயங்காது ஆயிரம் டொலர் எடுத்துக் கொடுத்தார் என்று கூறப்படுகிறது. கோடீசுவரச் சிறுவன் என்று உலகம் சொன்னவருக்கு அந்த நிலை வந்தது.

1938 ஏப்ரலில் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் அவர் வழக்குத் தொடுத்தார். அமெரிக்கா முழுவதும் அந்த வழக்கையே பேசிற்று. அன்றைய கலிபோர்ணியச் சட்டம் மகனுக்குத் துணை நிற்கவில்லை. வயது வராத பிள்ளையின் உழைப்பும் ஊதியமும் பெற்றோருக்கே உரியவை என்பது பழைய சட்டத்தின் கொள்கை. வயலிலே தந்தையோடு ஏர் பிடித்த பிள்ளையையும், பட்டறையிலே சம்மட்டி அடித்த பிள்ளையையும் மனத்திற்கொண்டு எழுந்த விதி அது. குடும்பத்தின் சோறு பிள்ளைக்கு, பிள்ளையின் உழைப்பு குடும்பத்துக்கு என்ற அளவில் அதிலே ஒரு நியாயம் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் உழைப்பிலே ஒரு குடும்பம் மட்டுமன்றி ஒரு கம்பனியும் கொழுக்கக்கூடும் என்பதை அச்சட்டத்தை வகுத்தோர் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

தாயின் தரப்பு வாதம் இரண்டு கூறாக இருந்தது. மகனுக்குப் பணம் தருவதாக எவரும் எக்காலத்தும் வாக்களிக்கவில்லை என்பது ஒன்று. மகன் படக்கருவியின் முன்னே நின்றதை ஒரு விளையாட்டாகவே கருதினான், மகிழ்ந்து களித்தான் என்பது மற்றையது. முதல் வாதம் சட்டம் பேசியது. இரண்டாவது வாதத்தையே நாம் ஊன்றிப் பார்க்கவேண்டும். மகிழ்ந்து செய்தான் என்பது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. பிள்ளைகள் எதையும் விளையாட்டாகவே தொடங்குகின்றன. ஒருமுறை செய்யும்போது அது விளையாட்டு. களைத்தபின்னும், பசித்தபின்னும், உறக்கம் கண்ணை அழுத்தும்போதும், மறுபடி செய் என்று ஒருவர் ஆணையிட அதைச் செய்யவேண்டியிருக்குமானால் அதன் பெயர் விளையாட்டாகாது. அனாதை விடுதி என்ற மிரட்டலினால் வரவழைத்த கண்ணீர் விளையாட்டின்பாற்படுமா?

வழக்கு 1939இல் சமரசத்தில் முடிந்தது. ஏறக்குறைய இரண்டரை இலட்சம் டொலரே எஞ்சியிருந்தது. அதிலே கூகனுக்குக் கிடைத்தது 126,000 டொலர். பெற்றி கிரேபிளுடன் நடத்திய இல்வாழ்வும் அதே ஆண்டிலேயே முறிந்தது.

கலிபோர்ணியச் சட்டசபை அவ்வாண்டே குழந்தை நடிகர் சட்டத்தை நிறைவேற்றியது. கூகன் சட்டம் என்றே மக்கள் அதை அழைத்தனர். குழந்தை நடிகரின் ஒப்பந்தத்தை நீதிமன்றம் அங்கீகரிக்கும்போது, நிகர ஊதியத்தில் பாதி வரையில் பிள்ளையின் பெயரில் ஒதுக்கி வைக்குமாறு நீதிபதி ஆணையிடலாம் என்பது அதன் சாரம். இட்டே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. நீதிமன்றத்துக்கு வராத ஒப்பந்தங்களை அது தீண்டவும் இல்லை. ஓட்டைகள் பல. எனினும் பிள்ளையின் உழைப்பு பிள்ளைக்கும் உரியது என்ற கருத்தை ஏட்டிலே பொறித்தது.

பணத்தைப் பற்றி இவ்வளவு சொன்னோம். பணத்தினும் பெரிதாக, பின்னர் எந்த நீதிமன்றமும் மீட்டுத் தரமுடியாததாக ஒன்று இருக்கின்றது, அதுவே நேரம். நடிக்கும் பிள்ளை நாளொன்றுக்கு எத்தனை மணி வேலை செய்யலாம் என்ற கேள்விக்கு வேறொரு வரலாறு உண்டு. அது கூகன் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே தொடங்கியது.

இங்கிலாந்திலே 1889ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மேடையேற்றக் கூடாதென்றும், ஏழு முதல் பத்து வயது வரையிலானோருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றும் விதித்தது. சப்ளின் பிறந்ததும் அதே ஆண்டிலேதான். நியூயோர்க்கிலே அதற்கும் முன்னதாக, எல்பிறிட்ஜ் ஜெரி என்ற நியாயவாதி 1875இல் சிறுவர் கொடுமைத் தடுப்புச் சங்கத்தை நிறுவுவதற்கு முன்னின்றார். அடுத்த ஆண்டிலே சிறுவரைக் கழைக்கூத்திலும் ஆடல் பாடல்களிலும் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அவருடைய சங்கத்து ஆட்கள் அரங்குகளின் பின்வாயிலிலே காத்து நின்றனர். நாடகக்காரர் அவர்களைக் கலையின் பகைவர் என்று வைதனர். பஸ்டர் கீற்றன் என்று பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நகைச்சுவை நடிகர், சிறு பிள்ளையாகத் தந்தையால் மேடையிலே தூக்கி எறியப்பட்டு நகைப்பூட்டிய நாட்களில், அச்சங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவதே பெற்றோருக்குப் பெரும்பாடாக இருந்தது. தடை மிகையாக இருந்தது என்பதை மறுக்கவேண்டியதில்லை. முழுத் தடை என்பது, பிழைப்புக்கு வழியற்ற குடும்பங்களைப் பொய் வயது சொல்லத் தூண்டியது. தடுப்பதினும் அளவிடுவதே தகும் என்ற எண்ணம் மெல்ல மெல்லவே பிறந்தது.

அளவிடும் அந்தப் பொறுப்பு அமெரிக்காவில் மாநிலங்களின் தலையிலேயே விழுந்தது. கூகன் வழக்குத் தொடுத்த அதே 1938இல், ஐக்கிய அமெரிக்க அரசு நியாயமான தொழில் நியமச் சட்டத்தை நிறைவேற்றியது. சுரங்கத்திலும் ஆலையிலும் வாடிய சிறுவர்களை மீட்ட பெருஞ் சட்டம் அது. ஆனால் அச்சட்டத்திலே, சினிமாவிலும் நாடகத்திலும் நடிக்கும் குழந்தைகளுக்கு இவ்விதிகள் பொருந்தா என்று ஒரு விலக்கு வாசகம் நுழைந்திருந்தது. சேர்லி டெம்பிள் என்ற சிறுமியின் படங்கள் நாட்டையே மயக்கிவைத்திருந்த காலம் அது. சேர்லி டெம்பிள் விலக்கு என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. நீதிமன்றத்தில் ஒரு தாய் சொன்னதையே நாட்டின் சட்டமும் வேறு சொற்களிற் சொல்லிற்று என்று கருத இடமுண்டு.

கலிபோர்ணியாவில் மாநில விதிகள் இருந்தன. சிறுவர் நடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஸ்ரூடியோவிலே ஆசிரியர் இருக்கவேண்டும். நாளொன்றுக்கு இத்தனை மணிக்கு மேல் ஆகாது. ஏட்டில் இருந்தவை எல்லாம் நாட்டில் நடந்தனவா என்பது வேறு. 1938-39இல் ‘ஓஸ் மந்திரவாதி’ படத்தில் நடித்தபோது ஜூடி கார்லண்டுக்கு வயது பதினாறு. அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் பின்னாளிற் கூறியவை உள்ளத்தை உலுக்குவன. விழித்திருப்பதற்கு ஒரு மாத்திரை, உறங்குவதற்கு ஒரு மாத்திரை எனத் தமக்கும் தம்முடன் நடித்த சிறுவர்க்கும் ஸ்ரூடியோவிலே தரப்பட்டதாகவும், சில மணி உறக்கத்தின் பின் மீண்டும் எழுப்பி நிறுத்தப்பட்டதாகவும் அவர் தெரிவித்தார். 1969இல், நாற்பத்தேழாவது வயதில், உறக்க மருந்து மிகுந்து இலண்டனில் இறந்தார். கடிகாரத்தை ஏமாற்றலாம்; உடலை ஏமாற்ற முடியாது.

இன்று கலிபோர்ணியாவிலுள்ள நேர விதிகள் வயதுக்கு வயது வேறுபடுவன. பிறந்து பதினைந்து நாள் ஆகாத சிசுவை நடிக்க வைக்கலாகாது. ஆறு மாதம் வரையிலான குழந்தை படப்பிடிப்பு இடத்தில் 2 மணி நேரம் இருக்கலாம். அதிலே வேலை 20 நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. கடும் விளக்கொளி ஒரு தடவைக்கு 30 வினாடிக்கு மேல் அதன்மேற் படக்கூடாது. இரண்டு வயது தொடங்கி ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு இருப்பு 6 மணி. வேலை 3 மணி. ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் 8 மணி நேரம் இருக்கலாம். அதிலே 4 மணி வேலை, 3 மணி படிப்பு, 1 மணி ஓய்வு. பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு வேலை 5 மணி. அதற்கு மேல் பதினெட்டு வரையில் 6 மணி. நடித்த நேரத்தை மட்டும் எண்ணாமல், இடத்தில் இருந்த நேரத்தையும் எண்ணுவதிலேதான் இவ்விதியின் நுட்பம் அடங்கியிருக்கிறது. படப்பிடிப்பு என்பது பெரும்பாலும் காத்திருப்பு. வெக்கையிலும் ஒப்பனையிலும் காத்திருந்து சோர்ந்த பிள்ளையை, அது இன்னும் நடிக்கவே தொடங்கவில்லை என்று சொல்லி நள்ளிரவு வரை நிறுத்திவைப்பதற்கு இவ்விதி இடங்கொடாது.

இதை நிறைவேற்றுபவர் ஸ்ரூடியோ ஆசிரியர். பாடஞ் சொல்லிக் கொடுப்பதோடு அவர் கடமை முடிவதில்லை. பிள்ளையின் உடல்நலம், பாதுகாப்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்கும் அவரே பொறுப்பு. ஆகாது என்று அவருக்குத் தோன்றினால், எத்துணைப் பெரிய இயக்குநராயினும் அவர் முன்னிலையிலேயே பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியேறலாம்.

‘தி கிட்’ படத்தில் நடித்தபோது ஜக்கிக்கு நாலைந்து வயது. இன்றைய விதிப்படி நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வேலை வாங்கலாம். சப்ளின் ஒரே காட்சியைப் பலமுறை எடுத்துக்கொண்டு நிற்க, ஓர் ஆசிரியை கைக்கடிகாரத்தைக் காட்டிப் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு போயிருப்பார். ஒன்பது மாதத்தில் முடிந்த படம் ஓராண்டுக்கு மேலும் இழுத்திருக்கலாம். உலகம் காத்திருந்திருக்கும். அதனால் உலகத்துக்கு நட்டம் ஒன்றும் வந்திராது.

இனிக் கூகனின் எஞ்சிய வாழ்க்கை. 1941 மார்ச்சிலே அவர் அமெரிக்கப் படையிற் சேர்ந்தார். பின்னர் இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களைச் செலுத்தும் பயிற்சி பெற்றார். 1943 முடிவிலே அவரது படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. 1944 மார்ச் 5ஆந் திகதி இரவு அசாமிலுள்ள லாலாகாட் விமானத் தளத்திலிருந்து புறப்பட்ட கிளைடர்கள், விங்கேற் தளபதியின் படையினரைச் சுமந்துகொண்டு பர்மாக் காட்டிலே யப்பானியரின் பின்புறத்தில், காடு வெட்டிய ஒரு திடலில் இருளிலே இறங்கின. பல கிளைடர்கள் நொறுங்கின. அவற்றைச் செலுத்தியோரில் கூகனும் ஒருவர். அடுத்த மாதத்திலே நம் கண்டி மாநகருக்கு இடம் மாறி வந்த மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகத்துக்கு உட்பட்ட போர்முனையே அது. அந்த இருட்டிலே இறங்கிய வீரர்களில் எத்தனை பேர் தம் பாலியத்தில் ‘தி கிட்’ பார்த்து அழுதவர்களோ, யார் அறிவர்!

போர் முடிந்து திரும்பியவருக்குப் படவுலகிலே சிறு வேடங்களே கிடைத்தன. தலைமயிர் கொட்டிவிட்டது, உடல் பருத்துவிட்டது. வந்ததை ஏற்று நடித்தார், கிடைக்காதபோது காத்திருந்தார். மூன்று மணங்கள் முறிந்தன. 1952இல் செய்துகொண்ட நான்காவது மணமே இறுதிவரை நிலைத்தது. 1964இல் தொலைக்காட்சியிலே ‘ஆடம்ஸ் குடும்பம்’ என்ற நகைச்சுவைத் தொடர் ஆரம்பமாயிற்று. மொட்டைத் தலையும் கறுத்த கண்குழியுமாக, மின்விளக்கை வாயில் வைத்தே எரியச் செய்யும் பெஸ்டர் மாமாவாக அவர் தோன்றினார். இரண்டாண்டு ஓடிய அத்தொடர் அவருக்கு இரண்டாம் முறை புகழைத் தந்தது. பெஸ்டர் மாமாவைப் பார்த்துச் சிரித்த குழந்தைகளுள் பெரும்பாலோர், தம் பாட்டன் பாட்டியர் கண்ணீர் விட்டுப் பார்த்த அழகிய சிறுவன் அவரே என்பதை அறியார்.

1984 மார்ச் 1ஆந் திகதி, தமது அறுபத்தொன்பதாவது வயதில், கலிபோர்ணியாவின் சாந்தா மொனிக்கா நகரில் இதயம் நின்று இறந்தார்.

அவர் பெயரால் வழங்கும் சட்டத்தின் ஓட்டைகளை அடைப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1999இல் திருத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நடித்த பிள்ளையின் ஊதியம் பிள்ளையின் சொத்து, பெற்றோரின் சொத்தன்று. ஒப்பந்தம் நீதிமன்றத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், மொத்த ஊதியத்தில் நூற்றுக்குப் 15 பங்கை முதலாளியே நேரடியாக வங்கியிற் கட்டவேண்டும். பதினெட்டு வயது வரை அதை ஒருவரும் தொடலாகாது. நியூயோர்க் முதலிய வேறு மாநிலங்களும் இதனையொத்த விதிகளைச் செய்தன. பிள்ளைகளின் அன்றாட வாழ்வையே வீட்டிலிருந்து படம் பிடித்து இணையத்தில் வெளியிட்டுப் பொருள் ஈட்டும் பெற்றோர் இப்போது பெருகிவிட்டனர். இலினோய் மாநிலம் 2024 ஜூலை முதலும், கலிபோர்ணியா 2025 ஜனவரி முதலும் அப்பிள்ளைகளுக்கும் பங்கு ஒதுக்கச் சட்டஞ் செய்திருக்கின்றன. அந்த வீடுகளிலே ஸ்ரூடியோ ஆசிரியர் இல்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி நிறுத்தச் சொல்வார் ஒருவருமில்லை. படம் பிடிப்பவரும் பெற்றோர். பிள்ளை களைத்துவிட்டதா என்று பார்க்கவேண்டியவரும் பெற்றோர்.

கலிபோர்ணியாவிலே பிள்ளையை நடிக்க அனுப்ப விரும்பும் பெற்றோர் அனுமதிச் சீட்டோடு வங்கிக் கணக்கு ஒன்றையும் திறந்தாகவேண்டும். அந்தக் கணக்கிற்கு வங்கிக்காரரிடையே வழங்கும் பெயர், கூகன் கணக்கு.